அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வெயிலில் இரண்டடிக்குள் நிற்கும் பல்லாண்டுப் பூச்செடிகள்: எதை நடலாம், எப்போது, எவ்வளவு தண்ணீர்?

மருதநிலம் (சாண்ட்லர்)

வீட்டுக்கு மேற்கே சுவரை ஒட்டி 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது. மேலே கிரானைட் சரளை, அதன் அடியில் கறுப்பு விரிப்பு. மதியம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும்வரை நேர் வெயில். டிரிப் (சொட்டுநீர்க் குழாய்) இருக்கிறது, ஆனால் ஒரே வால்வுதான். இரண்டடிக்கு மேல் வளராத, வருஷா வருஷம் மாற்றி நடவேண்டியிராத பூச்செடிகள் தேடுகிறேன். முள் வேண்டாம், நடைபாதை பக்கத்திலேயே இருக்கிறது. குழி தோண்டித் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க வடியாமல் நிற்கிறது.

"ஃபுல் சன்" என்று சீட்டு தொங்கும் லாவெண்டர், ஜெர்பெரா மாதிரிச் செடிகள் ஏன் ஜூலை தாண்டுவதில்லை? கம்போஸ்ட் நிறையக் கலந்து தினமும் பத்து நிமிஷம் டிரிப் ஓடவிட்டால் நிற்குமா?

பாலைப்பூ (டெம்பி)

கம்போஸ்ட், தினசரிப் பத்து நிமிஷம் இரண்டையும் விட்டுவிடுங்க தம்பி. இங்கே சின்னப் பூச்செடிகளைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான். வெயில்மேல் பழி போடுகிறோம்.

மண் சூடேறினால் வேருக்கு மூச்சு அதிகம் வேண்டும். அதே சமயம் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். மேல் நாலு அங்குலம் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறும். ஃபைட்டாப்தோரா, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் அந்த ஈரத்தில் நீந்திப் பரவும். செடி வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுவோம், அதோடு முடிந்தது.

"ஃபுல் சன்" சீட்டு நாடு முழுக்க விற்கும் செடிக்குப் பொதுவாக எழுதியது. 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் இங்கே பகல் உச்சம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் (43 செல்சியஸ்) குறையவில்லை. அந்த மாதம் ஒரு ராத்திரி குறைந்தபட்ச வெப்பமே 97. ராத்திரியும் ஆறாத சூட்டைத் தாங்குமா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. சொனோரா, சிவாவா பாலைகளிலும் அவற்றை ஒட்டிய வறண்ட மலைச்சரிவுகளிலும் பிறந்த செடிகளாகப் பார்த்து வாங்குங்க.

உங்கள் பட்டைக்கு முதலில் ஏஞ்சலீட்டா டெய்ஸி (டெட்ராநியூரிஸ் அகாலிஸ்). ஒரு அடி உயரம், ஒரு அடி அகலம், மஞ்சள் பூ. தாழ்நிலப் பாலையில் ஏறக்குறைய எல்லா மாதமும் நாலு பூவாவது இருக்கும். ஆரம்பிப்பவருக்கு இதைவிட நம்பகமான சின்னச் செடி இல்லை என்பேன்.

அடுத்தது பிளாக்ஃபுட் டெய்ஸி (மெலம்போடியம் லூகாந்தம்). ஒரு அடி உயரம், ஒன்றரை முதல் இரண்டடி படரும். வெள்ளைப் பூ, பக்கத்தில் குனிந்தால் தேன் வாசனை. ஆணிவேர்ச் செடி, நட்டபின் இடம் மாற்ற முடியாது. நாலைந்து வருஷம்தான் ஆயுள், அதைத் தெரிந்தே வாங்குங்க.

டாமியனீட்டா (கிரைசாக்டினியா மெக்சிகானா): ஒன்றரை அடி, ஊசி இலை, கசக்கினால் காட்டமான மணம். வசந்தத்தில் ஒருமுறை, வெயில் தணிந்தபின் இன்னொருமுறை செடியே தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும். இந்த மூன்றில் பிரதிபலிக்கும் சூட்டை நன்றாகத் தாங்குவது இதுதான்.

இடையில் தூவ டெசர்ட் மேரிகோல்ட், கூடிங் வெர்பீனா விதைகள். இரண்டும் குறுகிய ஆயுள், ஆனால் தானே விதை போட்டு முளைத்துக்கொள்ளும். பாரி பென்ஸ்டெமன் இலைக்கொத்து தரையோடு இருக்கும்; பிப்ரவரி கடைசியில் எழும் பூத்தண்டு மட்டும் மூன்றடி போகும். ஹம்மிங்பேர்ட் வர வேண்டுமென்றால் அந்த ஒரு மாத உயரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடப்பாரை (கில்பர்ட்)

அக்கா செடி சொல்லிவிட்டார், நான் மண்ணைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்றால் அடியில் கலீச்சி இருக்கலாம். ஊரில் சுக்கான் பாறை என்போமே, அதுதான், சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. அல்லது வீடு கட்டும்போது வண்டி ஏறி இறுகிய களிமண். எதுவென்று தெரியாமல் ஒரு செடியும் வாங்காதீங்க.

ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி. நிறையத் தண்ணீர் ஊற்றி முழுக்க வடிய விடுங்க. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்க. முதல் தடவை இறங்குவது காய்ந்த மண் குடிப்பது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இரண்டாம் தடவையில் மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் அப்படியே நடலாம்.

இறங்கவில்லையா? கடப்பாரையால் குழியின் அடியில் குத்திப் பாருங்க. டங்கென்று கல் சத்தம் வந்து, வெள்ளைத் தூள் ஒட்டினால் கலீச்சி. அது சில அங்குலம் கனம்தான் என்றால் குழிக்கு ஒன்றிரண்டு இடத்தில் குத்தித் துளைத்துவிடலாம். முந்தின நாள் நனைத்துவிட்டுக் குத்தினால் கை பிழைக்கும். அடி தெரியாத கனம் என்றால் சண்டை போடாமல் மேலே ஏறுங்க: தோண்டிய மண்ணே இரண்டு பங்கு, கால் அங்குலத்துக்குக் குறைந்த கிரானைட் பொடி ஒரு பங்கு கலந்து, ஆறு முதல் எட்டு அங்குலம் உயரத்தில் மேடு. சரிவு மெதுவாக இருக்கட்டும், செங்குத்தாகப் போட்டால் முதல் பருவமழையே கரைத்துவிடும்.

குழியின் அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்பார்கள். வடியாது. மேலே இருக்கும் பொடி மண் முழுக்க நிறைந்த பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். அதுவரை வேர் இருக்கும் இடத்திலேயே நிற்கும். கம்போஸ்டும் அதே வேலைதான் செய்யும்: களிமண்ணுக்கு நடுவே ஒரு பஞ்சுக் குழி, சுற்றுத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து சேரும், வேரும் வெளியே போகாது. அதோடு இந்தச் சூட்டில் கம்போஸ்ட் ஒரே வருஷத்தில் மக்கி மண் அமுங்க, செடியின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) தரைக்குக் கீழே போய்விடும்.

அந்தக் கறுப்பு விரிப்பை எடுத்துவிடுங்க. விதை முளைக்க விடாது, தண்ணீரை ஓரமாக ஓடவிடும். சரளை மட்டும் போதும், இரண்டு அங்குலம், வெளிர் நிறம். செடியின் கழுத்திலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். வெயில் நேரத்தில் சரளையின் மேல்பரப்பு 150 ஃபாரன்ஹீட் தாண்டும், இளந்தண்டில் பட்டால் வேகும்.

மருதநிலம்

விரிப்பை எடுத்துவிடுகிறேன் அண்ணா. எப்போது நடுவது? இப்போதே கடையில் செடி நிறைய இருக்கிறதே.

பாலைப்பூ

கடையில் மே மாதம் பூத்துக் குலுங்கும், வாங்காதீங்க. அக்டோபர் முதல் நவம்பர் நடுவரைதான் நல்ல காலம். மேல்காற்று குளிர்ந்திருக்கும், மண் சூடு விட்டிருக்காது. அந்த நிலையில் வேர் ஓடும். அடுத்த மே வருவதற்குள் ஆறேழு மாத வேர் கையில் இருக்கும். விட்டுவிட்டால் பிப்ரவரி கடைசி முதல் மார்ச். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு கேலன் தொட்டிச் செடி நட்டால் கோடை முழுக்க அதற்குக் காவல் இருக்க வேண்டியதுதான். டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனின் செடி விற்பனையும் வசந்தத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்றுதான் வைக்கிறார்கள். டாமியனீட்டா மாதிரி பெரிய கடையில் அபூர்வமாகக் கிடைப்பதை அங்கே தேடுங்க.

நடும் முறை: குழி தொட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் தொட்டி அளவே. கழுத்து தரையைவிட அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஒன்று முக்கியம்: தொட்டிக்குள் இருப்பது மரப்பட்டையும் பீட் என்ற பாசிமக்கும். அது ஒருதரம் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. சுற்றி மண் நனைந்திருக்கும், வேருருண்டை மட்டும் உலர்ந்து கிடக்கும். அதனால் நடுமுன் வாளியில் அமுக்கிக் குமிழி நிற்கும்வரை நனைத்து, ஏஞ்சலீட்டா, டாமியனீட்டா என்றால் வெளிப்பக்கக் கலவையை லேசாக உதிர்த்துவிடுங்க. பிளாக்ஃபுட்டை மட்டும் உதறாதீங்க, ஆணிவேர் முறிந்தால் மீளாது.

டூசான்தோட்டம்

தண்ணீர் கணக்கை நான் போட்டுவிடுகிறேன், யூகத்தில் விடுவதைவிட நல்லது.

செடிக்கு ஒரு அடி ஆழம், ஒன்றரை அடி விட்டம் நனைய வேண்டும். பரப்பு 1.77 சதுர அடி. களிகலந்த மண் காய்ந்த நிலையிலிருந்து தன் கன அளவில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர் பிடிக்கும். 1.77 × 1 × 0.15 போட்டால் 0.27 கன அடி, அதாவது 2 கேலன், ஏழரை லிட்டர். மணிக்கு 1 கேலன் விடும் எமிட்டர் (டிரிப்பின் சொட்டுவாய்) இரண்டு, ஒரு மணி நேரம். கணக்கு நேராக வருகிறது. தினமும் பத்து நிமிஷம் என்றால் தடவைக்கு மூன்றில் ஒரு கேலன். மேல் இரண்டு மூன்று அங்குலம் நனைந்து, அதில் பாதி ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சும்.

நட்ட முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு நவம்பர் நடுவரை ஐந்து நாளுக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் 10 முதல் 14 நாள், மழை பெய்தால் அதையும் விடுங்க. மார்ச் ஏப்ரலில் 7 முதல் 10. முதல் கோடையில் 4 முதல் 6 நாள், இரண்டாம் கோடையிலிருந்து 7 முதல் 10. எப்போது விட்டாலும் அதே ஒரு மணி நேரம். இடைவெளியை மாற்றுங்க, நேரத்தை மாற்றாதீங்க. விடியுமுன் முடியும்படி டைமர் வையுங்க.

நாள்கணக்கு வெறும் தொடக்கம்தான். மூன்றடி இரும்புக் கம்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்க. தண்ணீர் விட்ட மறுநாள் குத்தினால் ஈரம் எதுவரையோ அதுவரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். 12 அங்குலம் போனால் சரி. ஆறில் நின்றால் நேரம் போதவில்லை, இருபதுக்குப் போனால் வீண்.

எமிட்டரை முதலில் வேருருண்டையின் ஓரத்திலேயே வையுங்க, கழுத்திலிருந்து நாலு அங்குலம். மார்ச்சில் ஒரு அடி தள்ளி நகர்த்துங்க. பலர் நகர்த்துவதே இல்லை. நாலு வருஷம் கழித்தும் தண்ணீர் கழுத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். வால்வுக்குப் பின்னால் 150 மெஷ் வடிகட்டியும் 25 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரும் (நீரழுத்தத்தைக் குறைப்பது) கட்டாயம். கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கிறது, எமிட்டர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். அதனாலேயே கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடவிட்டு உப்பைக் கீழே தள்ள வேண்டும். கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர் தோட்டத்துக்குப் போகவே கூடாது, அதில் சோடியம்.

மருதநிலம்

ஒரே வால்வில் ஏஞ்சலீட்டாவும் டாமியனீட்டாவும் ஒத்துப்போகுமா? டாமியனீட்டாவுக்கு அரை கேலன் எமிட்டர் போடலாமா?

கடப்பாரை

போடலாம். பாதித் தண்ணீர், பிரச்சினை தீர்ந்தது.

டூசான்தோட்டம்

இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. அரை கேலன் போட்டால் அடிக்கடி நனைவது அப்படியேதான் இருக்கும், ஆழம் மட்டும் குறையும். டாமியனீட்டாவுக்கு வேண்டியது நேர் எதிர்: ஆழமாக ஒருமுறை, பிறகு நன்றாகக் காய வேண்டும். மேல்மண் ஈரத்தில் வேரைப் பழக்கினால் ஜூன் மாதம் ஒரு தடவை டைமர் நின்றாலே போய்விடும்.

கடப்பாரை

சரியான பேச்சு. அப்படியானால் எமிட்டரை மாற்றாமல் இடத்தை மாற்றலாம்: டாமியனீட்டாவை நான் சொன்ன மேட்டில் வையுங்க, கிரானைட் பொடி கொஞ்சம் கூடுதலாக. அதே தண்ணீர், ஆனால் மேடு முதலில் காயும். ஏஞ்சலீட்டா சமதரையில்.

சுவரிலிருந்து மூன்றடி சும்மா விடுங்க. அஸ்திவாரத்தை ஒட்டி ஈரம் வைப்பது கரையானுக்கு அழைப்பு. பிளாக் சுவர் ராத்திரியிலும் சூடு கக்கும், அதுவும் ஒரு காரணம். மிஞ்சும் மூன்றடியில் நடைபாதைப் பக்கம் ஏஞ்சலீட்டாவும் பிளாக்ஃபுட்டும் மாற்றி மாற்றி இரண்டரை அடிக்கு ஒன்றாக எட்டு. அவற்றுக்குப் பின்னால் இடைவெளி பார்த்து ஆறு டாமியனீட்டா. 14 செடி, 28 எமிட்டர், தடவைக்கு 28 கேலன். நட்டவுடன் மொட்டையாகத்தான் தெரியும். நெருக்கி நடாதீங்க, இரண்டாம் வருஷம் காற்று புகாமல் உள்ளே அழுகும்.

வளைகுடாச்செடி (துபாய்)

இந்தப் பட்டியலை இங்கே அப்படியே எடுக்க முடியுமா? எங்களுக்கும் 45 செல்சியஸ் வருகிறது.

டூசான்தோட்டம்

வெப்ப எண் ஒன்றுதான், நிலைமை வேறு. உங்களுக்கு ஆகஸ்ட் ராத்திரி ஈரப்பதம் ஏறி நிற்கும். பென்ஸ்டெமன், பிளாக்ஃபுட் வறண்ட காற்றுக்குப் பழகியவை. மண்ணும் களி இல்லை, ஈரம் பிடிக்காத மணல். அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டால் தண்ணீர் நேரே கீழே போய்விடும். குறைந்த நேரம், அடிக்கடி என்பதுதான் மணலுக்குச் சரி. நித்தியகல்யாணி, குட்டை ருவெல்லியா, படரும் லாண்டானா, உப்பு கூடுதலாக இருக்கும் இடத்தில் செசூவியம் என்று போங்க. நீங்கள் "ஸ்வீட் சாயில்" (உப்பு குறைந்த மண்) வாங்கினாலும், பாசனத் தண்ணீரின் உப்பு அளவைப் பார்க்காமல் செடி தேர்ந்தெடுக்காதீங்க.

மருதநிலம்

ஆகஸ்டில் வாடினால் தாகமா, அழுகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலைப்பூ

முதலில் கம்பி, பிறகுதான் குழாய். கம்பி ஆறு அங்குலம்கூடப் போகவில்லை, இலை ஓரம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது என்றால் தாகம். மதியம் தொங்கி விடிகாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் சூடு, எதுவும் செய்ய வேண்டாம்.

மண் ஈரம், விடிகாலையிலும் தொங்குகிறது என்றால் அழுகல். கழுத்தருகே சரளையை விலக்கி நகத்தால் சுரண்டுங்க. பச்சைக்குப் பதில் பழுப்பு, தோல் வழுக்கிக்கொண்டு வரும். சின்ன வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவே நூல் மட்டும் நிற்கும். பாதிச் செடி இன்னும் பச்சை என்றால் தண்ணீரை நிறுத்தி, கழுத்தைத் திறந்து விடுங்க. சில பிழைக்கும். மருந்து ஊற்றி மீட்பது அரிது.

இன்னொன்று உண்டு: ஜூலை முதல் செப்டம்பருக்குள், ஓரிரு நாளில் திடீரென்று முழுச் செடியும் காய்ந்து, இலை உதிராமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் டெக்சஸ் ரூட் ராட் (மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வேரழுகல்) என்று சந்தேகப்படுங்க. மழைக்குப் பின் பக்கத்து மண்ணில் வெள்ளையாக ஆரம்பித்துப் பழுப்பாகும் பூஞ்சணப் படலமும் தோன்றலாம். அந்த இடத்தில் திரும்பவும் அகன்ற இலைச் செடி நடாதீங்க. புல்வகை, கற்றாழை மாதிரி ஒருவித்திலைச் செடிகளை அது தொடாது.

முதல் கோடைக்கு மட்டும் மேற்குப் பக்கம் 30–40 சதவீத நிழல்வலை கட்டலாம், செடியில் படாமல், மேலே திறந்தபடி. ஜூலையில் பூ நின்றுபோனால் உரம் போடாதீங்க. செடி ஓய்வில் இருக்கிறது. அப்போது நைட்ரஜன் கொடுத்தால் வரும் தளிர் அத்தனையும் கருகும்.

கடப்பாரை

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. நம் மண்ணின் பி.எச். 8-க்கு மேல். இ.டி.டி.ஏ. என்று போட்ட இரும்பு இங்கே பிடிக்காது, காசு தண்டம். பொட்டலத்தில் இ.டி.டி.எச்.ஏ. என்று இருக்க வேண்டும், கரைத்தால் சிவப்பாக இருக்கும். ஆனால் அதற்கு முன் தண்ணீரைக் குறைத்துப் பாருங்க. ஈரம் அதிகமான மண்ணிலும் இதே மஞ்சள் வரும்.

டூசான்தோட்டம்

கத்தரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஏஞ்சலீட்டாவின் காய்ந்த பூத்தண்டுகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கத்தரியால் ஒட்ட வெட்டினால் திரும்பப் பூக்கும். டாமியனீட்டாவை வசந்தப் பூ முடிந்ததும் பச்சை இருக்கும் இடம்வரை மட்டும். இலையில்லாத பழுப்புக் கட்டைக்குள் வெட்டினால் அங்கே துளிர்க்காது. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை எதையும் வெட்டாதீங்க, உள்தண்டில் வெயில் பட்டு வெந்துவிடும்.

எங்கள் பக்கம் முயல் தொல்லை அதிகம். காட்டை ஒட்டிய வீடு என்றால் நட்ட அன்றே ஒரு அங்குலக் கண் கோழிவலையை இரண்டடி உயரத்துக்கு வளையமாக வையுங்க. டாமியனீட்டாவின் மணம் முயலுக்கு ஆகாது, மற்றதெல்லாம் இளசாக இருக்கும்வரை ஆபத்துதான்.

மருதநிலம்

அக்டோபரில் 14 செடியும் நட்டுவிட்டு, அதே வாரம் மேரிகோல்ட், பென்ஸ்டெமன் விதை தூவலாமா? களைக்கு வருஷம் இரண்டு தரம் ஆள் வந்து மருந்து அடிக்கிறார்கள்.

பாலைப்பூ

அந்த மருந்து களை முளைக்காமல் தடுப்பதா என்று கேளுங்க. பிரீ-எமர்ஜென்ட் என்றால் உங்கள் விதையையும் முளைக்க விடாது, அதன் வேலை மண்ணில் சில மாதம் நீடிக்கும். இந்த இலையுதிர் காலத்தில் அந்தப் பட்டைக்கு மட்டும் அடிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்க, ஓரத்தில் ஒரு கொடியும் நடுங்க. போன வசந்தத்தில் அடித்திருந்தால் நட்ட செடிக்குப் பாதகமில்லை, விதைக்கு ஒரு வருஷம் பொறுக்கலாம்.

விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, இரும்பு வாரியால் சரளைக்குள் லேசாக இழுத்துவிட்டால் போதும், எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. எமிட்டர் நனைக்கும் வட்டத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் போடுங்க. முளைக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பூவாளியால் மெல்லத் தெளியுங்க. பென்ஸ்டெமன் முளை தரையோடு ஒட்டிய சாம்பல் பச்சை இலைக்கொத்து. களை என்று நினைத்து ஆட்கள் பிடுங்குவது இதைத்தான் அதிகம், படம் எடுத்துக் காட்டி வையுங்க.